சபுராளியின் சொத்து யாருக்கு?



இரண்டு ஆண்டுகளுக்கு முன் கடற்கரை ஊர் ஒன்றின் ஜமாஅத்தார் ஒரு பாகப்பிரிவினைக்காக என்னை அழைத்திருந்தார்கள். அந்த ஊர்ச் சகோதரர் ஒருவர் 26 ஆண்டுகள் துபாயில் உழைத்தவர். ஒரு நாள் ஃபஜ்ரு தொழுதுவிட்டு நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஜனாஸா அங்கேயே அடக்கப்பட்டது. ஊரில் வயது முதிர்ந்த தாய், இத்தா முடித்திருந்த மனைவி, இரண்டு பெண் மக்கள், ஒரே தம்பி. தந்தை முன்பே மவுத்தாகிவிட்டார். ஆண் பிள்ளை இல்லை.

"சொத்து என்னென்ன?" என்று கேட்டேன். பள்ளிவாசல் திண்ணையில் இருந்த இருபது பேரில் ஒருவருக்கும் முழு விடை தெரியவில்லை. ஆளுக்கொரு துண்டாகச் சொன்னார்கள். துபாயில் ஒரு கடை. அதில் பாதிக்கு மேல் ஓர் அரபியின் பெயரில். அங்கே ஒரு வங்கிக் கணக்கு. ஊர் வங்கியில் என்.ஆர்.இ. வைப்புத் தொகை, அதற்கு நாமினி தம்பி. அவர் பெயரிலேயே 30 செண்ட் நிலம். கடைத் தெருவில் இரண்டு மாடிக் கட்டடம், பணம் முழுவதும் துபாயிலிருந்து வந்தது, பத்திரமோ தம்பியின் பெயரில். இவை போதாதென்று பினாங்கில் அவருடைய தந்தை காலத்துக் கடைவீடு ஒன்று, இன்றுவரை பிரிக்கப்படாமல்! அவருடைய மனைவிக்குத் தெரிந்தது இவற்றில் இரண்டுதான்.

"கணக்குப் போட்டுச் சொல்லுங்கள் ஹஜ்ரத்" என்றார்கள். கணக்கு இரண்டு நிமிட வேலை. தாய்க்கு ஆறில் ஒன்று. மனைவிக்கு எட்டில் ஒன்று. இரண்டு பெண் மக்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. மொத்தத்தை 24 பங்காக்கினால் தாய்க்கு 4, மனைவிக்கு 3, மகள்களுக்கு ஆளுக்கு 8. ஆக 23. மிச்சம் ஒன்று தம்பிக்கு.

இருபத்து நான்கில் ஒன்று! அன்றைய தேதியில் பெரும்பகுதியைக் கையில் வைத்திருந்தவர் அந்தத் தம்பிதான்.

சகோதரர்களே, இது புதிய வழக்கா? ஹிஜ்ரி மூன்றாம் ஆண்டு உஹதுப் போரில் ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) ஷஹீதானார்கள். அவர்களுடைய மனைவி இரண்டு பெண் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். குழந்தைகளின் தந்தை இறந்துவிட்டார், சொத்து முழுவதையும் அவர்களுடைய சாச்சா எடுத்துக்கொண்டார், பொருளில்லாமல் இவர்களை யார் மணப்பார்கள் என்று முறையிட்டார். அல்லாஹ் தீர்ப்பளிப்பான் என்றார்கள் நபியவர்கள். பிறகுதான் அந்நிஸா அத்தியாயத்தின் பாகப்பிரிவினை வசனம் இறங்கியது. அந்தச் சாச்சாவை அழைத்து, மகள்களுக்கு மூன்றில் இரண்டும் அவர்களின் தாய்க்கு எட்டில் ஒன்றும் கொடுத்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளும்படி உத்தரவிட்டார்கள். திர்மிதி, அபூதாவூத் நூல்களில் இந்தச் செய்தி பதிவாகியிருக்கிறது. அந்தச் சாச்சாவாவது சட்டம் இறங்குவதற்கு முன் எடுத்தார். நம் ஊர்ச் சாச்சாக்கள் 1400 ஆண்டுகளாக அந்த வசனத்தை ஓதிக்கொண்டே எடுக்கிறார்கள்.

பங்கு எவ்வளவு என்பது துபாயானாலும் பினாங்கானாலும் மாறாது. ஆனால் அந்தப் பங்கைக் கையில் வாங்கித் தரும் சட்டம் ஒவ்வொரு நாட்டிலும் வேறு. சபுராளிகள் இதைப் புரிந்துகொள்ளாமல் இருப்பதால்தான் விதவையும் அனாதையும் தெருவில் நிற்கிறார்கள். பொது விதி இதுதான்: நிலம், வீடு, கட்டடம் எந்த மண்ணில் இருக்கிறதோ அந்த மண்ணின் சட்டத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உட்பட்டது. ரொக்கம், பங்கு, சரக்கு போன்றவற்றுக்கு இறந்தவரின் நிலையான தாயகம் எது என்று பார்ப்பார்கள். எனவே மூன்று நாட்டில் சொத்து வைத்தவர் மவுத்தானால் அவருடைய வாரிசுகளுக்கு மூன்று வாசலில் வேலை இருக்கிறது.

முதலில் துபாயைப் பாருங்கள். முஸ்லிமின் சொத்து அங்கே ஷரீஅத் முறைப்படிதான் பங்கிடப்படும். துபாயில் உயில் பதிவு செய்து யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். அந்தப் பதிவகம் முஸ்லிமல்லாதவர்களுக்கு ஏற்பட்டது, நமக்கல்ல. பங்கில் சிக்கல் இல்லை, பங்கு வருவதற்கு முன்புள்ள காலம்தான் சிக்கல். மவுத் செய்தி எட்டியதும் வங்கி கணக்கை முடக்கிவிடும். கணவன் மனைவி கூட்டுக் கணக்கும் பெரும்பாலும் முடங்கும். வாரிசுகள் யார் யார் என்று நீதிமன்றம் சான்று கொடுத்த பிறகே பணம் வெளியே வரும். அந்தச் சான்றுக்கு நம் ஊர் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, நிக்காஹ் சான்று எல்லாம் முத்திரைகள் பெற்று, அரபியில் மொழிபெயர்க்கப்பட்டுப் போய்ச் சேர வேண்டும். அபோஸ்டில் ஒப்பந்தத்தில் இந்தியா 2005ல் சேர்ந்தது. ஓமன் 2012லும், பஹ்ரைன் 2013லும், சவூதி 2022 டிசம்பரிலும் அதில் வந்துவிட்டதால் அந்த நாடுகளுக்கு நம் வெளியுறவுத் துறையின் ஒரு முத்திரையே போதும். ஒப்பந்தத்தில் இல்லாத நாட்டுக்கு அந்நாட்டுத் தூதரகம் வரை வரிசையில் நிற்க வேண்டும்.

இதில் பெயர் ஒரு தனி வேதனை. பாஸ்போர்ட்டில் முஹம்மது, பட்டாவில் முகமது, ரேஷன் அட்டையில் மொகமது, தஃப்தரில் வெறும் 'மு'! நாலும் ஒரே ஆள் என்று நிரூபிக்கவே அந்த விதவைக்கு மூன்று மாதம் ஆனது. எழுத்தை நேராக்கும் வேலையை உயிரோடிருக்கும்போது பாஸ்போர்ட் புதுப்பிக்கும் அன்றே முடிக்கலாம்.

அரபி பெயரில் இருக்கும் கடைக்கு வருவோம். வியாபாரிகளே, இதை இரண்டு முறை படியுங்கள். 51 சதவீதம் உள்நாட்டவர் பெயரில் இருந்தாக வேண்டும் என்ற பழைய கட்டாயம் அமீரகத்தில் பெரும்பாலான வணிகங்களுக்கு 2021 ஜூன் முதல் தேதியோடு நீங்கிவிட்டது. அதன் பிறகும் பலர் பழைய லைசென்ஸையே புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். "அரபி நல்ல மனுஷன்" என்பார்கள். நல்ல மனுஷனும் மவுத்தாவார். அவருடைய வாரிசுகள் உங்கள் வாரிசுகளை அறிவார்களா? நான் சொன்ன சகோதரரின் கடையில் நடந்தது அதுதான். எழுத்தில் இருந்த பங்குதான் கணக்கில் வந்தது. வாய்ப்பேச்சில் இருந்தது காற்றோடு போனது. சவூதியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே சவூதிக்காரர் பெயரில் மறைவாக வெளிநாட்டவர் கடை நடத்துவது 'தசத்துர்' என்ற குற்றம். அந்தக் கடையை உன் மக்கள் எந்த முகத்தோடு நீதிமன்றத்தில் கேட்பார்கள்?

நம் நாட்டில் 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டப்படி முஸ்லிமின் வாரிசுரிமை நடக்கிறது. விவசாய நிலத்துக்கு அதில் இருந்த விலக்கை 1949ல் சென்னை மாகாணத் திருத்தம் நீக்கியது. ஆகவே "வயலில் பொம்பளைக்குப் பங்கில்லை" என்ற பேச்சுக்குத் தமிழகத்தில் மார்க்கத்திலும் இடமில்லை, சட்டத்திலும் இடமில்லை.

நாமினி என்ற சொல் நம் குடும்பங்களில் எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறது! நாமினி பணத்தை வங்கியிலிருந்து வாங்கும் கை மட்டுமே. வாங்கியதை வாரிசுகளிடம் சேர்ப்பது அவர் கடமை. வங்கி வைப்புத் தொகை குறித்து 2010லும், கம்பெனிப் பங்குகள் குறித்து 2023 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மலேசியாவிலும் முஸ்லிமின் இ.பி.எஃப். நாமினி, பணத்தை எடுத்து ஃபராயிள்படி பங்கிட வேண்டிய பொறுப்பாளர்தான். சிங்கப்பூரில் கொஞ்சம் வேறு. 1971 ஃபத்வா சி.பி.எஃப். நாமினியை இதே போலப் பொறுப்பாளர் என்றது. 2010ல் வந்த ஃபத்வா அந்த நியமனத்தை அன்பளிப்பாகவும் கருதலாம் என்றது. கடையநல்லூர், தென்காசிச் சகோதரர்கள் நியமனத் தாளில் கையெழுத்திடும் முன் தம் எண்ணம் எது என்று வீட்டாரிடம் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது 'பவர்'. பவர் கொடுத்தவர் இறந்த நொடியிலேயே பவரும் இறந்துவிடும். 30 செண்ட் நிலத்துக்குத் தம்பியிடம் பவர் இருந்தது. அண்ணன் இறந்து இரண்டாம் மாதம் அந்தப் பவரைக் காட்டி ஒருவரிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தார்! வாங்குபவர் விவரம் தெரிந்தவராக இருந்ததால் கிரயம் நடக்கவில்லை. இளைய மகளுக்கு அப்போது 14 வயது. பருவம் வராத பிள்ளையின் நிலத்தைச் சாச்சாவோ, ஏன் பெற்ற தாயோகூட, நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்றால் செல்லாது என்பது 1918லேயே பிரிவி கவுன்சில் சொன்ன தீர்ப்பு. தந்தை தன் வாழ்நாளில் ஒருவரை வஸீயாக, அதாவது பிள்ளைகளின் சொத்துப் பொறுப்பாளராக, எழுதி வைத்திருந்தால் இந்த இடர் பாதி தீரும். அந்த வஸீ பிள்ளைகளின் தாயாகவே இருக்கலாம். எத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள்?

இனி அந்தக் கட்டடம். இங்கேதான் எனக்கு வாயடைத்துப் போனது. தம்பி எழுந்து, "காக்கா எனக்குன்னு வாங்கித் தந்தது ஹஜ்ரத். பத்திரத்தைப் பாருங்க" என்றார். பத்திரத்தில் அவர் பெயர் மட்டுமே இருந்தது. 1988ஆம் ஆண்டின் பினாமிச் சட்டம் 2016 திருத்தத்துக்குப் பின் மிகவும் இறுக்கமாகிவிட்டது. மனைவி மக்கள் பெயரில் கணக்குள்ள பணத்தால் வாங்கலாம். சகோதரன் பெயரில் என்றால் வாங்கியவரின் பெயரும் பத்திரத்தில் சேர்ந்து இருக்க வேண்டும். தம்பி பெயரில் மட்டும் வாங்கிவிட்டு, "பணம் என்னுடையது" என்று நீதிமன்றம் போனால் வழக்கு நிற்காது. சொத்தை அரசே பறிமுதல் செய்யவும் வழி இருக்கிறது. மார்க்கத்தில் அது அமானிதம், ஒரு செங்கல்கூடத் தம்பிக்கு ஹலாலில்லை. அன்பளிப்பு என்றால் கொடுத்ததற்குச் சாட்சி எங்கே? 26 ஆண்டு வியர்வையை ஒரு கையெழுத்து விழுங்கிவிட்டது. இந்தக் குற்றத்தில் இறந்தவருக்கும் பங்குண்டு என்று அன்று அந்தத் திண்ணையிலேயே சொன்னேன். சிலருக்குக் கோபம் வந்தது. லீவு 30 நாள்தான், பத்திர ஆபீசுக்கு அலைய நேரமில்லை, தம்பி இருக்கிறான் என்று விடுபவர்களே, உங்கள் தம்பி நல்லவராகவே இருக்கலாம். அவருக்குப் பின் அவருடைய வாரிசுகள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?

பினாங்குக் கடைவீட்டில் இன்னொரு பாடம் இருக்கிறது. தகப்பன் இறந்தபோது பிரிக்கவில்லை. இப்போது மகனும் இறந்தார். ஒருவர் பங்கைப் பிரிக்கும் முன் அடுத்தவர் இறந்தால் பங்குக்குள் பங்கு பிறக்கும். ஃபராயிள் கலையில் இதற்கு முனாஸகா என்று பெயர். மூன்று தலைமுறை தள்ளிப் போட்டால் 24 என்பது சில ஆயிரமாகும், கணக்குப் போடும் மவ்லவிக்குத் தலை சுற்றும். மலேசியாவில் நிலம் உள்ள சிறு சொத்துகளைப் பிரிக்க 1955ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. நில அலுவலகமே விசாரித்துப் பிரித்துக் கொடுக்கும். வழி இருந்தும் யாரும் போகவில்லை. ஏன்? ஒவ்வொரு தலைமுறையிலும் கேட்டிருக்க வேண்டியவள் ஒரு பெண்!

மேற்கு நாடுகளுக்குப் போன இளைஞர்களுக்கு ஆபத்து வேறு பக்கம். இங்கிலாந்தில் உயில் எழுதாமல் இறந்தால் அந்நாட்டுச் சட்டமே பங்கிடும். மனைவி மக்கள் இருக்கும்போது பெற்ற தாய்க்கு ஒரு பவுண்டும் கிடையாது. அங்கேயே நிக்காஹ் மட்டும் ஓதி அரசுப் பதிவு செய்யாவிட்டால் அவளை மனைவியாகவே கணக்கில் எடுக்காது. 2020ல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு முஸ்லிம் தம்பதியின் வழக்கில் அப்படித்தான் சொன்னது. ஆகவே ஷரீஅத் பங்கு கிடைக்க வேண்டுமானால் அங்கே அந்நாட்டுச் சட்டப்படி செல்லும் உயிலாக அதை எழுதித்தான் தீர வேண்டும். நம் ஊரிலும் நிக்காஹ் தஃப்தரோடு நின்றுவிடாதீர்கள். தமிழகத்தில் 2009 சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். நாளை வெளிநாட்டு வாசலில் நின்று "நான் இவர் மனைவி" என்று சொல்ல அந்தத் தாள்தான் அவளுக்குத் துணை.

வஸிய்யத் செய்யப் பொருளுள்ளவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்பது நபிமொழி. நாம் இரண்டு இரவு அல்ல, இருபது ஆண்டு கழிக்கிறோம். எழுதுங்கள். எந்த நாட்டில் எந்த வங்கி, எந்தப் பத்திரம், யார் எனக்குத் தர வேண்டும், நான் யாருக்குத் தர வேண்டும், மனைவியின் மஹர் பாக்கி எவ்வளவு என்று எழுதுங்கள். கபன் செலவும் கடனும் போகத்தான் வஸிய்யத், அதுவும் போகத்தான் பங்கு. வாரிசுக்கு வஸிய்யத் இல்லை. மற்றவருக்கும் மூன்றில் ஒன்றுக்கு மேல் இல்லை. ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது ஒரே மகள்தான் இருந்தார். அவர்களுக்கே மூன்றில் ஒன்றுதான் அனுமதி, அதுவும் அதிகம் என்ற குறிப்போடு! அந்த மூன்றில் ஒன்றை எதற்குப் பயன்படுத்துவது? உங்களுக்கு முன் இறந்த மகனின் பிள்ளைகள் இருந்தால், மற்ற மகன்கள் உயிரோடிருக்க, அந்தப் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு வராது. எகிப்தில் 1946லேயே அவர்களுக்குக் கட்டாய வஸிய்யத் என்று சட்டம் செய்தார்கள். நம் நாட்டில் அப்படி இல்லை. பாட்டனார்தான் பேனா எடுக்க வேண்டும்.

வெளிநாட்டுச் சொத்து ஊரில் இருக்கும் விதவைக்கு வந்தால் விற்றுத்தான் ஆக வேண்டும் என்று பயமுறுத்துவோரும் உண்டு. அது தவறு. வெளிநாட்டில் வசித்தவரிடமிருந்து வாரிசாக வந்த சொத்தை அங்கேயே வைத்துக்கொள்ள நம் அன்னியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கிறது. வருமான வரிக் கணக்கில் மட்டும் மறைக்கக் கூடாது. 2015ஆம் ஆண்டின் கருப்புப் பணச் சட்டத்தில் மறைத்ததற்கு அபராதமே 10 லட்ச ரூபாய். அதேபோல் வெளிநாட்டில் வசிக்கும் மகன் இங்கே விவசாய நிலம் வாங்க முடியாது, ஆனால் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றைக் கேட்கிறேன். 1985ல் ஷாபானு தீர்ப்பு வந்தபோது ஷரீஅத்தைக் காக்கத் தெருவில் இறங்கினோம். 2025 ஜனவரியில் உத்தரகாண்டில் பொது சிவில் சட்டம் நடைமுறைக்கு வந்து அங்குள்ள முஸ்லிமின் வாரிசுரிமையிலும் கை வைத்தபோது கண்டனக் கூட்டம் போட்டோம். போட வேண்டியதுதான், நாளையும் போடுவோம். ஆனால் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் "உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே" என்று தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோமே, அது எந்த ஷரீஅத்? கல்யாணத்தில் போட்ட நகை வாப்பாவின் பங்கைத் தீர்த்துவிடும் என்று எந்தக் கிதாபில் இருக்கிறது? மேடையில் நம்மை எதிர்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வியே இதுதான். பல ஊர்களில் எனக்குப் பதில் தெரியாமல் அல்ல, பதில் சொல்ல வெட்கமாக இருந்ததால் தண்ணீர் குடித்திருக்கிறேன்.

அந்தக் கடற்கரை ஊரின் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். என்.ஆர்.இ. பணத்தைத் தம்பி திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். அல்ஹம்துலில்லாஹ், அன்றே 24 ஆகப் பிரித்தோம். அவருக்குரிய ஒன்றையும் எண்ணிக் கொடுத்தோம். தாசில்தார் சான்றில் அவர் பெயர் இல்லை என்று அதை மறுக்கச் சொன்னவர்களும் இருந்தார்கள். அந்த ஒரு பங்கும் அல்லாஹ் கொடுத்தது, அதைத் தடுக்க நாம் யார்? 30 செண்டுக்கும் கூட்டுப் பட்டா ஆகிவிட்டது. துபாய்க் கணக்கு 14 மாதம் கழித்துத் திறந்தது. தாய் தன் நான்கு பங்கில் தன் வைத்தியச் செலவுக்கு வைத்துக்கொண்டு மீதியைப் பேத்திகளின் கையிலேயே ஹிபாவாகக் கொடுத்துவிட்டார். பினாங்குக்கு விண்ணப்பம் போயிருக்கிறது.

கடைத் தெருக் கட்டடத்தின் மூன்று கடைக்காரர்களும் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வாடகையைத் தம்பியிடம்தான் கொடுக்கிறார்கள். போன ரமளானுக்கு முன் அவரை மறுபடி பார்த்தேன். "யோசித்துச் சொல்கிறேன் ஹஜ்ரத்" என்றார்.